கூத்துக்குப் பக்கவாத்தியம்

இசைக்கருவி ஒன்றை வாசிக்கக் கற்பது ஒன்று. ஒருவர் பாடியாட, அவருக்குத் துணையாக வாசிக்கக் கற்பது முற்றிலும் வேறு. ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில் ஃபிளாமென்கோ என்றொரு கலை உண்டு. அங்கே கிதார் பழகுவோர் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் துணை வாசித்துத் தேறிய பின்பே தனித்து வாசிக்க முனைய வேண்டும் என்பது பழைய மரபு. இதன் அருமையை அறிய நாம் ஸ்பெயினுக்குப் போக வேண்டியதில்லை. செங்கற்பட்டு வட்டாரத்துச் சிற்றூர்களில், திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பார்த்தாலே போதும்.

ஆடுகளத்தின் பின்புறம் ஒரு பலகை. மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை, தாளம் ஆகியவற்றை இசைப்போர் அங்கே அமர்ந்திருப்பர். கூத்தில் நடிகரே பாடுகிறார், அவரே ஆடுகிறார். முதலில் விருத்தம். இதற்குத் தாளக்கட்டு இல்லை. ஆர்மோனியமோ முகவீணையோ குரலை நிழல்போல் தொடர, மிருதங்கம் வாளாவிருக்க வேண்டும். புதிதாகப் பழகுபவன் இங்கேதான் தவறுவான். அவன் கை சும்மா இராது! விருத்தம் முடிந்து தரு தொடங்கும் நொடியில் மிருதங்கம் சேர்ந்தாக வேண்டும். வேடம் முதன்முதலாக வரும்போதோ நடிகர் திரைக்குப் பின்னே நின்று பாடுவார், முகமும் தெரியாது. குரல் இறங்கும் விதத்தையும் சலங்கை ஒலியையும் கொண்டே அந்த நொடியை அறிய வேண்டும்.

நடிகர் ஓரடி பாடுவார். பின்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவர். அந்த இடைவெளியில் நடிகர் ஆடுவார். கிறுக்கி எனப்படும் சுழற்சி ஆட்டமும் வரும். ஆகவே அவர் பாடும்போது சொற்கள் கேட்கும்படி அடக்கியும், ஆடும்போது ஓங்கியும் வாசிக்க வேண்டும். எத்தனை சுற்று என்பது அன்றைய அவர் மூச்சைப் பொறுத்தது.

மாமல்லபுரத்துப் பாறையில் அருச்சுனன் தபசைக் கல்லில் காண்கிறோம். (பகீரதன் தவம் என்போரும் உளர், அந்த வழக்கு இங்கு வேண்டாம்.) கூத்தில் அருச்சுனன் தபசு உயர்ந்த மரத்தின்மேல் நடக்கிறது. வேடதாரி பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். கீழே பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பர். பாட்டு நின்று நின்று எழும். கீழே உட்கார்ந்திருப்பவர் தம் விருப்பப்படி காலத்தை ஓட்டினால் மேலே இருப்பவர் அவசரப்பட நேரும். அந்த உயரத்தில் அவசரம் ஆகாது.

முகவீணை வாசிப்போர் இன்று அருகிவிட்டனர். சிறிய நாகசுரம் போன்ற அதன் கூரிய ஒலி, ஒலிபெருக்கி இல்லாமலே ஊர்க்கோடிவரை எட்டும். ஆர்மோனியம் பாடுபவரின் கட்டைக்கு எளிதில் இசைந்து கொடுக்கும் என்பது உண்மையே. ஆயினும் குரலின் வளைவுகளை அதனால் பின்தொடர இயலாது; அதன் சுரங்கள் படிக்கட்டுகள். முகவீணைக்கோ ஊதுபவரின் மூச்சே வழி.

முன்பெல்லாம் சிறுவர்கள் குழுவோடு ஊரூராகத் திரிந்தே இவற்றைக் கற்றனர். பள்ளிப் படிப்பு பாழாயிற்று. காஞ்சிபுரத்தில் 1990-இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பள்ளிக் கல்வியையும் கூத்தையும் சேர்த்தே கற்பித்தது. பெண் குழந்தைகளும் அங்கே பயின்றனர். குருகுலம் இப்போது இல்லை. கற்க விரும்பும் மாணவர், கூத்து நடக்கும் இரவில் பலகைக்குப் பக்கத்தில் இடம்பிடித்து, விடியும்வரை கண்விழித்துக் கேட்கலாம்.