ஆற்றுப்படையில் ஆடை

உணவு, உடை, உறையுள் என வாழ்வுக்கு இன்றியமையாதவற்றை எண்ணுங்கால் உணவை முதற்கண் வைத்தலே வழக்கு. ஆனால், வறிய கலைஞர் வள்ளலை அடைந்து பரிசில் பெறுதலைப் பாடும் பழந்தமிழ் ஆற்றுப்படைகளில் உடையே முந்துகின்றது. இஃது ஏன் என ஆராய்தல் பயனுடைத்து.

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் பொருநன், ஈரும் பேனும் குடிகொண்ட, வியர்வையில் நனைந்த, வேற்றிழையால் தைக்கப்பெற்ற கந்தலுடன் கரிகாலன்முன் நிற்கின்றான். மன்னன் அதனை நீக்கி, இழை சென்ற வழி கண்ணுக்குப் புலனாகாத, பாம்புரி போன்ற பூவேலை மிக்க ஆடையை நல்குகின்றான். கள்ளும் ஊனும் அதன் பின்னரே வருகின்றன. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் மூங்கிலை உரித்தாலன்ன ஆடையை உடுத்திய பின்னரே உணவு படைக்கின்றான். பெரும்பாணாற்றுப்படையில் இளந்திரையன், பாணனுக்கு மட்டுமன்றி அவன் சுற்றத்தார் அனைவர்க்கும் ஆவி போன்ற மெல்லாடையை அளித்தே விருந்தூட்டுகின்றான்.

பசி அகத்தே நிகழ்வது. கந்தலோ காண்பார்க்கெல்லாம் வறுமையை அறிவிப்பது. கந்தலோடு உண்பவன் இரவலன். புத்தாடையோடு உண்பவன் விருந்தினன். உண்பதற்கு முன்னரே அவன் மானத்தைக் காத்தல் வள்ளன்மையின் முதற்கடன் எனப் புலவர் கருதினர் போலும்.

இதற்கு மறுதலையான நிலையை, 1554ஆம் ஆண்டில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த 'லாசரில்யோ தெ தோர்மெஸ்' என்னும் ஸ்பானிய நூலிற் காணலாம். அதில் வரும் குடிப்பெருமை பேசும் ஒருவன், நல்ல மேலாடை அணிந்து, உண்ணாமலே உண்டவன்போல் துரும்பாற் பல் குத்தி வாயிலில் நிற்கின்றான். அவனுக்கு உணவளிப்பவன், இரந்து வரும் வேலைக்காரச் சிறுவனே! அச்சிறுவனும் பின்னாளில் நான்காண்டு நீர் விற்றுச் சேர்த்த பொருளாற் பழைய ஆடைகளை வாங்கியதும், அத்தொழிலைத் தன் தகுதிக்குக் குறைந்ததெனக் கைவிடுகின்றான். அங்கே ஆடை மானத்தைக் காப்பதன்று, மறைப்பது.

நம் மலைநாட்டுக்கும் இவ்வாராய்ச்சி பொருந்தும். மழை மிக்க வட்டவளை போன்ற இடங்களில் நம் முன்னோர் கம்பளி போர்த்தியே கொழுந்து பறித்தனர். தோட்டங்கள் வழங்கிய அக்கம்பளியின் விலை, அவர்கள் கணக்கிற் கடனாக எழுதப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்படுவது அந்நாள் வழக்கம். குளிரைத் தடுத்த போர்வையே கடனையும் வளர்த்தது. கரிகாலன் அளித்ததும் ஆடையே. கணக்கில் ஏறியதும் ஆடையே. ஆதலின், ஆடை எத்தகையது என்பதோடு எவ்வழி வந்தது என்பதையும் மாணவர் நோக்குதல் வேண்டும்.