ரொட்டியும் ஈஸ்ட்டும் உடலில் மதுவை உண்டாக்குமா?

"ஹஜ்ரத், ஈஸ்ட் சேர்த்த பன், ரொட்டி வயிற்றுக்குள் போய்ச் சாராயமாக மாறுமாமே, சாப்பிடலாமா?" ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சகோதரர்கள் ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. கொல்லம் சாலையில் வண்டி ஓட்டுபவர்களுக்கோ இது பிழைப்பைப் பற்றிய கவலையும்கூட.

ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் எத்தனாலையும் வெளியிடுவது உண்மைதான். வாயு மாவை உப்ப வைக்கிறது. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிப்பதால் பெரும்பகுதி அடுப்பிலேயே ஆவியாகிவிடும். ஈஸ்ட்டும் சுமார் 60 டிகிரியில் செத்துவிடும். செத்த ஈஸ்ட் வயிற்றில் மது காய்ச்சாது.

எது அதிகமானால் போதை தருமோ அதில் கொஞ்சமும் ஹராம் என்பது நபிவழி. ரொட்டியோ வயிறு நிறையத் தின்றாலும் போதை தராது. நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழம் ஊறிய நபீதைப் போதைத்தன்மை வருமுன் அருந்தியிருக்கிறார்கள்.

அபூர்வமாகச் சிலருக்குக் குடலில் ஈஸ்ட் பெருகி, உண்ட மாவுச்சத்தை எத்தனாலாக மாற்றிவிடும். 'ஆட்டோ ப்ரூவரி சிண்ட்ரோம்' எனும் நோய் இது. 2024இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகர நீதிமன்றம், போதையில் வண்டி ஓட்டிய வழக்கிலிருந்து இந்நோயாளி ஒருவரை விடுவித்தது. இவர் குடிகாரர் அல்லர். ஆனால் மருத்துவம் பார்க்க வேண்டும், குணமாகும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

ஓட்டுநர்களே, சோதனைக்குச் சற்றுமுன் பன் தின்றிருந்தால் வாயில் தங்கிய துளி கருவியில் தெரியலாம். வாய் கொப்பளித்து, 15 நிமிடம் கழித்து மறுசோதனை கேளுங்கள்.

ஹராமைத் தவிர்ப்பது போலவே, ஹலாலை ஹராமாக்காமல் இருப்பதும் மார்க்கமே. அல்லாஹ் நன்கறிந்தவன்.