கணினிக்கு இணையம் வரவில்லையா?

வீடு திரும்பியதும் பிள்ளைகளின் படிப்புக்கும் விண்ணப்பங்களுக்கும் இணையம் தேவைப்படும். வீட்டு இணைப்பு கிடைக்கும்வரை கையடக்கத் தொலைபேசியை யூ.எஸ்.பி வயரால் கணினியுடன் இணைத்துக் கொள்ளலாம். இணையம் வராவிட்டால் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. தொலைபேசியில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் பழுது கணினியில் இல்லை. டேட்டாவையும் சிக்னலையும் கவனியுங்கள்.

2. அது திறந்தால், தொலைபேசியின் செட்டிங்ஸில் 'யூ.எஸ்.பி டெதரிங்' போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். அதைப் போட முடியாவிட்டால் வேறு வயரை மாற்றுங்கள். சில வயர்களால் சார்ஜ் மட்டுமே செய்யலாம்.

3. கணினியின் நெட்வொர்க் விபரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 எனத் தொடங்கினால், தொலைபேசியிடமிருந்து கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை. டெதரிங்கை நிறுத்தி மீண்டும் போடுங்கள்.

4. 192.168 எனத் தொடங்கியும் பக்கம் திறக்காவிட்டால், கணினியின் வைஃபையை நிறுத்துங்கள். இரண்டு இணைப்புகள் இருந்தால், இணையம் இல்லாத வழியைக் கணினி பிடித்திருக்கக்கூடும்.

வேலை முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். கணினி தானாகவே அப்டேட் இறக்கி டேட்டாவை முடித்துவிடும்.

2004 டிசம்பர் 26ஐக் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது மக்கள் மறக்கமாட்டார்கள். ஆகவே எச்சரிக்கைக்கு இணையத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடல் திடீரென உள்வாங்கினால் எந்த அறிவித்தலுக்கும் காத்திராமல் கரையை விட்டுத் தூரமாகச் செல்லுங்கள்.