ஓம் விதியைத் திருப்பிக் கொடுத்தவர்

230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் 3 ஓம் மின்தடையையும் 4 ஓம் ரியாக்டன்ஸ் கொண்ட காயிலையும் தொடராக இணைத்து அளந்து பார்த்தால், வோல்ட்மீட்டர் மின்தடையின் குறுக்கே 138 காட்டும், காயிலின் குறுக்கே 184. கூட்டினால் 322! மீட்டரில் கோளாறு ஒன்றுமில்லை. இரண்டு மின்னழுத்தங்களும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஒன்றுக்கொன்று கால் சுற்று முன்பின்னாக வருகின்றன. சாதாரணக் கூட்டல் இங்கே செல்லாது.

மாறுதிசை மின்சாரம் பரவத் தொடங்கிய காலத்தில் பொறியாளர்களைத் திணறடித்தது இதுதான். நேர்திசை மின்சாரத்துக்கு ஓம் விதியை வைத்தே பெரும்பாலும் சமாளித்து வந்தார்கள். இப்போதோ வகைக்கெழுச் சமன்பாடு, சைன், கோசைன் என்று பக்கம் பக்கமாக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இதற்கு வழி காட்டியவர் சார்லஸ் ஸ்டெயின்மெட்ஸ். பிரெஸ்லாவில் 1865இல் பிறந்தவர். கூன் முதுகு, குள்ள உருவம். சோஷலிஸ்ட் என்பதால் ஊரைவிட்டு ஓடி, 1889இல் நியூயார்க் வந்து இறங்கினார். 1893இல் சிகாகோவில் கூடிய சர்வதேச மின்னியல் மாநாட்டுக்கு அவர் அளித்த கட்டுரை, கலப்பெண்களைப் பொறியாளர் கையில் கொடுத்தது. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்துக்கு அவர் இட்ட குறி ஜே. அப்படி ஓர் எண் உண்டா, இல்லையா என்ற விசாரணையெல்லாம் வேண்டாம். ஜே என்றால் 90 பாகை திருப்பு, அவ்வளவுதான். வகையிட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல், தொகையிட வேண்டிய இடத்தில் ஒரு வகுத்தல்.

முதலில் பார்த்த சுற்றின் இம்பிடன்ஸ், அதாவது மொத்த எதிர்ப்பு, இந்தக் கணக்கில் 3 + ஜே4. அதன் அளவு 5 ஓம். 230ஐ 5ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். பழைய ஓம் விதியேதான்! பவர் ஃபேக்டர் 3/5, அதாவது 0.6.

அதே தொடரில் 4 ஓம் ரியாக்டன்ஸ் உள்ள கண்டென்சரையும் சேர்த்தால்? மைனஸ் ஜே4 வந்து பிளஸ் ஜே4ஐ அடித்துவிடும்; மிச்சம் 3 ஓம். மின்னோட்டம் 76 ஆம்பியரைத் தாண்டும். காயிலின் குறுக்கே 306 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், சப்ளையைவிட அதிகமாக. இன்சுலேஷன் தேர்ந்தெடுப்பவருக்கு இது முன்பே தெரிந்தாக வேண்டும். இரண்டு வரிக் கணக்கில் தெரிந்துவிடுகிறது.

பெருமை முழுவதும் ஸ்டெயின்மெட்ஸுக்கே என்று சொல்ல முடியாது. ஆர்தர் கென்னலியும் அதே 1893இல் இம்பிடன்ஸைக் கலப்பெண்ணாக எழுதிக் காட்டினார். ஆனால் 1897இல் அதைப் பாடநூலாக விரித்து எழுதியவர் ஸ்டெயின்மெட்ஸ். இந்த முறை வேரூன்றியது அந்த உழைப்பால்தான் என்று தோன்றுகிறது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஒரே அதிர்வெண்ணில் நிலையாக ஓடும் மின்னோட்டத்துக்கு மட்டுமே இது பொருந்தும். சுவிட்ச் போட்ட கணத்திலும், மின்னல் கம்பியில் பாயும்போதும் நடப்பதை இது தனியாகச் சொல்லாது. அவற்றுக்காக ஸ்டெயின்மெட்ஸ் 1909இல் இன்னொரு நூல் எழுதினார். அதில் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தவிர்க்க அவராலும் முடியவில்லை.