காஞ்சிபுரத்துக்குக் கூட்டம் குவியுது... தறிக்கு ஆள் இல்லை, ஏன்?

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் போதும், காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பி காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜர் என மூன்று கோயில், ஒரு ஜவுளிக்கடை, இரவுக்குள் வீடு. பலரின் காஞ்சிபுரம் இவ்வளவுதான்.

கூட்டம் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வரும் அத்தி வரதரைப் பார்க்க, 2019 ஜூலை, ஆகஸ்டில் 48 நாட்களில் ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள். நெரிசலில் உயிர்களும் போயின.

சரி, இவ்வளவு பேர் வந்தால் நெசவாளிக்கு லாபம்தானே?

அங்கேதான் சிக்கல். நெசவாளிக்குக் கிடைப்பது சேலைக்கு இவ்வளவு என்ற கூலி. வண்டியில் ஏற்றிக் கடை வாசலில் இறக்கிவிடுபவரின் கமிஷன் தனி. அது உங்கள் பில்லில்தான் ஏறும். விசைத்தறிச் சேலையை 'காஞ்சிப் பட்டு' என்று தலையில் கட்டுகிறார்கள் என்ற புகாரும் ஓயவில்லை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது வருஷம் ஆகப்போகிறது அல்லது ஆகிவிட்டது, புகார் மட்டும் அப்படியே.

'கோர்வை'ன்னா என்ன?

உடலுக்கு ஒரு நிறம், இரண்டு பக்கக் கரைக்கும் வேறு நிறம். மூன்று நாடா ஓட்டி, ஊடுநூலை ஊடுநூலோடு கோத்து நெய்வதுதான் கோர்வை. அதனால் கரையின் நிறம் கலங்காமல் தனியாக நிற்கும். உடலின் ஊடுநூலே கரைக்குள்ளும் ஓடியிருந்தால் நிறம் கலந்து தெரியும். கோர்வை என்று சொல்லி விற்றால் சேலையைத் திருப்பி, கரை சேரும் இடத்தைப் பாருங்க.

இந்த வேலைக்குத் தறியில் நெசவாளியோடு பக்கத்தில் இன்னொருவரும் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர்தான் இப்போது கிடைப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் மாசச் சம்பளம் இருக்கும்போது, எந்தப் பிள்ளை கூலிக்குத் தறியில் உட்காரும்? குற்றம் சொல்ல முடியாது.

அப்போ எங்கே வாங்குறது?

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகளில் ஒரு எட்டு பார்த்துவிட்டு முடிவு செய்யுங்க. 'சில்க் மார்க்' இருந்தால் பட்டு சுத்தம் என்று அர்த்தம். கைத்தறி என்று அர்த்தம் இல்லை. இதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று, மதியம் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்கு மேல்தான். அந்த நேரத்தைக் கடைக்கே கொடுக்காமல், கைலாசநாதர் கோயில் பக்கம் இருக்கும் பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடந்து பாருங்க. தறிச்சத்தம் கேட்கும். வீட்டுக்குள்ளேதான் தறி, கேட்டுவிட்டுப் படம் எடுங்க.