ஜாவா நிரல் ஏன் ‘மெயின்’ மெத்தடில் தொடங்குகிறது?

ஒரு ஜாவா நிரலில் நூறு மெத்தட்கள் இருக்கலாம். எதிலிருந்து ஆரம்பிப்பது? நாம் பெயர் சொல்லும் கிளாஸை, ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரமான ஜேவிஎம் நினைவகத்தில் ஏற்றி, அதில் ‘மெயின்’ மெத்தடைத் தேடுகிறது. அதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகத் தட்டிவிட்டால் கம்பைலர் கண்டுகொள்ளாது. ஓட்டும்போதுதான் ‘மெயின் மெத்தட் இல்லை’ என்று பிழை வரும்.

‘மெயின்’ என்ற பெயருக்கு முன்னால் ஏன் இத்தனை சொற்கள்? கிளாஸுக்கு வெளியிலிருந்து ஜேவிஎம் அழைக்க வேண்டும், அதனால் ‘பப்ளிக்’. தொடக்கத்தில் ஆப்ஜெக்ட் எதுவும் உருவாகியிருக்காது, அதனால் ‘ஸ்டேட்டிக்’. திருப்பித் தர மதிப்பு எதுவும் இல்லை, அதனால் ‘வாய்டு’. நிரலை ஓட்டும்போது கட்டளை வரியில் நாம் கொடுக்கும் சொற்கள் ‘ஸ்ட்ரிங்’ அரேயாக உள்ளே வருகின்றன.

ஆனால் 2025இல் வெளிவந்த ஜாவா 25இல் ‘பப்ளிக்’, ‘ஸ்டேட்டிக்’, அரே மூன்றையும் விட்டுவிடலாம். ‘ஸ்டேட்டிக்’ இல்லையென்றால் ஜேவிஎம்மே ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி, அதன் ‘மெயின்’ மெத்தடை அழைத்துக்கொள்ளும்.