கேஸ் போகவில்லை, பைமெட்டல் போயிருக்கிறது

ஃப்ரீசரில் ஐஸ் உறைகிறது. கீழ்த்தட்டில் பால் திரிகிறது. ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரிட்ஜ் இப்படி மக்கர் செய்தால், "கேஸ் போயிருக்கும்" என்பதுதான் முதலில் வரும் பேச்சு. கேஸ் அடிக்கக் காசு கொடுக்கும் முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்க்குழாய் முழுக்கப் பனி அடைத்திருந்தால் கேஸ் பெரும்பாலும் இருக்கிறது. குறைந்திருந்தால் ஒரு மூலையில் மட்டுமே பனி பிடித்திருக்கும்.

பனிக்கு நீர் எங்கிருந்து? காற்றின் ஈரத்திலிருந்துதான். கும்மிடிப்பூண்டி போன்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள்: கிழக்கே பழவேற்காடு ஏரி, அதையடுத்துக் கடல். 30 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதமானால் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் அதே காற்றால் தாங்க முடிவது சுமார் ஒரு கிராம்தான். கதவைத் திறக்கும்போதெல்லாம் மிச்சம் குழாயில் படிந்து உறைகிறது.

அதை உருக்கத்தான் குழாயடியில் ஹீட்டர். டைமர் கம்ப்ரசரை நிறுத்தி ஹீட்டருக்கு மின்சாரம் விடும். வழியில் காவல் நிற்பது பைமெட்டல் தெர்மோஸ்டாட். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய வட்டத் தகடு அது. கடுங்குளிரில் இணைப்பைச் சேர்க்கும், பனி உருகிச் சூடு ஏறியதும் படக்கென்று வளைந்து பிரிக்கும். 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தன் கடல் கடிகாரத்தில் பயன்படுத்திய அதே உத்தி.

பைமெட்டல் சேராவிட்டால் ஹீட்டர் சூடாகாது, பனி அடைத்துக்கொள்ளும். ஈரத்தை விரட்டும் இந்தச் சாமானைக் கொல்வதும் ஈரமே. உருகிய நீர் ஒயர் நுழையும் இடுக்கில் கசிந்து, மறுபடி உறைந்து விரியும். அதன் பிளாஸ்டிக் மூடி உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடலாம்.

உப்பாவிட்டால்தான் குழப்பம். கழற்றி மேசையில் வைத்து மீட்டர் பிடித்தால் இணைப்பு காட்டாது. அறைச் சூட்டில் நல்ல பைமெட்டலும் காட்டாதே! பாலிதீன் உறையில் போட்டு, ஐஸும் கல்லுப்பும் கலந்த கிண்ணத்தில் கால் மணி நேரம் புதைத்துவிட்டு மீட்டர் வையுங்கள். அப்போதும் சேரவில்லையென்றால் போய்விட்டது. உலர்த்துவதும் பசை பூசுவதும் வீண்வேலை. வெந்நீர் ஊற்றிப் பனியைக் கரைப்பதும் தற்காலிகம்தான், மறுபடி அடைத்துக்கொள்ளும்.

புதியதை அதே வெப்பநிலைக் குறியீட்டில் வாங்கி, பழையது இருந்த இடத்திலேயே மாட்ட வேண்டும். ஒயர் இணைப்பில் இன்சுலேஷன் டேப் போதாது. சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். ஒயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் சொட்டும் நீர் மூடிக்குள் இறங்காது. எலக்ட்ரானிக் போர்டு உள்ள பல மாடல்களில் பைமெட்டலுக்குப் பதில் சென்சார் இருக்கும். அதற்குச் சோதனை வேறு. கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.